மத்தேயு 17-ல் 21-ம் வசனம் எங்கே போச்சு? வாட்ஸ்அப் வதந்தியும் வேதாகமத்தின் நீண்ட பயணமும்!

'அவசரம்! உங்கள் மொபைலில் இருக்கும் பைபிளை உடனே திறந்து பாருங்கள். மத்தேயு 17-ம் அதிகாரத்தில் 21-ம் வசனம் இல்லை. அப்போஸ்தலர் 8-ல் 37-ம் வசனம் இல்லை. வேதத்தை அழிக்கச் சதி நடக்கிறது. குறைந்தது 10 பேருக்காவது அனுப்புங்கள்!'

இந்த ரீதியில் ஒரு மெசேஜ் உங்கள் சபை வாட்ஸ்அப் குழுவிலோ, குடும்பக் குழுவிலோ ஒரு முறையாவது வந்திருக்கும். திறந்து பார்த்தால் பகீரென்று இருக்கும். காரணம், மெசேஜில் சொன்னது போலவே 20-க்கு அடுத்து 22 வருகிறது. நடுவில் 21-ஐக் காணோம்!

தாத்தாவின் கறுப்பு அட்டை போட்ட தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம் இருக்கிறது. காலேஜ் படிக்கும் பேத்தியின் ஆங்கில பைபிள் ஆப்பில் இல்லை. "பார்த்தியா, இதுக்குத்தான் புதுசை எல்லாம் தொடாதேன்னு சொன்னேன்" என்கிறார் தாத்தா. "ஒரு வசனத்தை எடுக்க முடியும்னா மத்ததை மட்டும் எப்படி நம்புறது?" என்று பேத்தி யோசிக்க ஆரம்பிக்கிறாள். ஒரே மெசேஜ், ஒரே வீட்டில் ஒருவரைப் பயத்துக்கும் இன்னொருவரைச் சந்தேகத்துக்கும் தள்ளிவிடுகிறது.

உண்மையில் என்னதான் நடந்தது? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், வசனம் நிஜமாகவே இல்லையா?

என்.ஐ.வி போன்ற பல நவீன ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மத்தேயு 17:21 பக்கத்தின் நடுவில் இருக்காது. ஆனால், அதே பக்கத்தின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். 'சில கையெழுத்துப் படிகளில் இந்த வசனம் உள்ளது' என்று சொல்லி, வசனத்தையும் அங்கேயே கொடுத்திருப்பார்கள். மொபைல் ஆப்பில் அது ஒரு குட்டி எழுத்தாகவோ குறியாகவோ தெரியும். அதைத் தொட்டால்தான் விரியும். ஃபார்வர்டு செய்தவர் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

அந்த வசனம் என்ன சொல்கிறது? ஒரு சிறுவனைப் பிடித்திருந்த தீய ஆவியைச் சீடர்களால் துரத்த முடியவில்லை. ஏன் என்று கேட்கிறார்கள். இந்த வகைக்கு ஜெபமும் உபவாசமும் வேண்டும் என்பது அதன் சாரம். இதே சம்பவம் மாற்கு 9-ம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே 29-ம் வசனத்தில் ஜெபம் பற்றிய அந்தப் பதில் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் பத்திரமாக இருக்கிறது. 'உபவாசம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அங்கேயும் ஓர் அடிக்குறிப்பு உண்டு.

'அப்போ உபவாசத்தையே எடுத்துட்டாங்களா?' என்றால், இல்லை. உபவாசம் இருக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று இயேசு கற்றுக்கொடுக்கும் பகுதி மத்தேயு 6-ல் அப்படியே இருக்கிறது. அவர் 40 நாள் உபவாசம் இருந்த சம்பவமும் மத்தேயு 4-ல் அப்படியே இருக்கிறது. சதி செய்கிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு வசனத்தை எடுத்து, அதையும் அதே பக்கத்தின் அடியில் அச்சிட்டு வைப்பார்களா?

எண் எப்படி வந்தது?

மத்தேயு தன் நூலை எழுதியபோது அதிகார எண்ணோ வசன எண்ணோ போடவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இங்கிலாந்தின் ஸ்டீபன் லாங்டன் அதைச் செய்தவராகச் சொல்லப்படுகிறார். புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர். ஆண்டு 1551.

எஸ்தியென் கையில் இருந்த கிரேக்கப் பதிப்பில் அந்த வசனம் இருந்தது. எனவே அதற்கு 21 என்று எண் கொடுத்தார். அந்தக் கிரேக்கப் பதிப்பின் மூலவேர், 1516-ல் எராஸ்மஸ் என்ற அறிஞர் பாசல் நகரில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு. எராஸ்மஸிடம் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில படிகள்தான். பெரும்பாலும் பிற்காலத்தவை. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடம் இருந்த ஒரே படியில் கடைசித் தாளே இல்லை. அந்தச் சில வசனங்களை லத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிச் சேர்த்தார்.

அந்தப் பதிப்பின் வழியில் வந்ததுதான் 1611-ல் வெளியான ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-ல் வெளிவந்த நம் தமிழ் வேதாகமமும் அதே மரபைச் சேர்ந்தது. தாத்தாவின் கறுப்பு அட்டை வேதாகமம் அதுதான். அதனால்தான் அதில் அந்த வசனம் இருக்கிறது.

எராஸ்மஸ் காலத்துக்குப் பிறகு என்ன மாறியது? அவர் பார்க்காத மிகப் பழைய படிகள் வெளிச்சத்துக்கு வந்தன. சினாய் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கத்தரீன் மடத்தில் 1844-லும் 1859-லும் டிஷென்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்ட 'சினாய்டிகஸ்' படி 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வாட்டிகன் நூலகத்தில் உள்ள 'வாட்டிகானஸ்' படியும் அதே நூற்றாண்டுதான். இந்த இரண்டிலும் மத்தேயுவை எழுதியவர்கள் அந்த வசனத்தை எழுதவில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சினாய்டிகஸ் படியில் பிற்காலத்தில் திருத்தம் செய்த ஒருவர் அந்த வசனத்தைச் சேர்த்திருக்கிறார். அந்தப் படியின் பக்கங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்கில் இருக்கும் பதிலை நன்கு அறிந்த எழுத்தர்கள், மத்தேயுவிலும் அது இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துச் சேர்த்திருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம்.

ஆக, பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, யாரோ எடுத்துவிட்ட வசனம் அல்ல இது. பிற்காலத்தில் சேர்ந்திருக்கக்கூடிய வசனம். எண்ணை மாற்றினால் உலகம் முழுக்கக் குழப்பம் வரும் என்பதால் எண்ணை மட்டும் அப்படியே காலியாக விட்டுவிட்டார்கள்.

தமிழர்களுக்குத் தெரிந்த 'பாடபேதம்'

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் செய்ததும் இதே வேலைதான். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். இதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு. பாடபேதம்! சைவரான அவர், சமண நூலின் நுட்பங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

புறநானூற்றில் 400 பாடல்கள் என்கிறோம். 267, 268-ம் பாடல்களைத் தேடிப் பாருங்கள், இருக்காது. கிடைக்கவில்லை. பல பாடல்களில் சிதைந்த இடங்கள் வெறும் புள்ளிகளாக இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து யாராவது 'உ.வே.சா தமிழுக்குச் சதி செய்துவிட்டார்' என்று சொல்வோமா? தெரியாததை இட்டுக்கட்டாமல் விட்டாரே என்று மரியாதைதான் கூடுகிறது. புறநானூற்றில் இருந்தது தொலைந்தது, மத்தேயுவில் இல்லாதது சேர்ந்தது என்பது வித்தியாசம். ஆனால், பதிப்பாசிரியரின் நேர்மை இரண்டிலும் ஒன்றுதான்.

எத்தனை வேறுபாடுகள்?

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் உள்ளன. சில முழுமையானவை, சில உள்ளங்கை அளவு துண்டுகள். இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை எண்ணினால் லட்சங்களில் வரும். கேட்டதும் தலைசுற்றுகிறதா?

வீட்டு உதாரணம் ஒன்று பார்ப்போம். பாட்டி எழுதிய மீன் குழம்புக் குறிப்பு தொலைந்துவிட்டது. ஆனால், அதைப் பார்த்து அத்தை, சித்தி, பெரியம்மா என்று 20 பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர் 'புளி' என்பதைப் 'புலி' என்று எழுதியிருப்பார். ஒருவர் ஒரு வரியை விட்டிருப்பார். ஒருவர் ஓரத்தில் 'தேங்காய்ப்பால் சேர்த்தால் ருசி' என்று தன் குறிப்பை எழுத, அதைப் பார்த்து எழுதிய மகள் அதையும் பாட்டியின் வரியாகவே சேர்த்திருப்பாள். 20 நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடுகள் ஏராளமாக வரும். ஆனால், பாட்டி என்ன எழுதினார் என்பதைக் கண்டுபிடிப்பதும் அந்த 20 நோட்டு இருப்பதால்தான் சாத்தியம். ஒரே ஒரு நோட்டு இருந்திருந்தால் வேறுபாடே இருக்காது. ஆனால், அதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

லட்சக்கணக்கான வேறுபாடுகளில் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் வரிசை போன்றவைதான். அதற்காக எல்லாமே அற்பமானவை என்று சொல்லிவிட முடியாது. மாற்கு நூலின் கடைசி 12 வசனங்கள் சினாய்டிகஸ், வாட்டிகானஸ் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்டதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் கல்லெறிய இழுத்து வந்தவர்களை இயேசு தலைகுனிய வைக்கும் பகுதி, யோவான் 7:53 முதல் 8:11 வரை. எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுக் கண் கலங்கிய பகுதி. அதுவும் அந்த இரண்டு படிகளிலும் இல்லை. அது இயேசுவைப் பற்றிய உண்மையான பழைய நினைவாக இருக்கலாம், ஆனால் யோவான் நூலில் பின்னர் இடம்பெற்றிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பல மொழிபெயர்ப்புகள் அதை அடைப்புக்குறிக்குள், குறிப்போடு அச்சிடுகின்றன.

1 யோவான் 5:7 இன்னொரு புகழ்பெற்ற வழக்கு. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரையும் ஒன்றாகச் சொல்லும் வரி பழைய கிரேக்கப் படிகளில் இல்லை என்று எராஸ்மஸ் தன் முதல் இரண்டு பதிப்புகளிலும் விட்டுவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் படி காட்டப்பட்ட பிறகு 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். இன்றைய மொழிபெயர்ப்புகள் மறுபடி அதை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டன. 'திரித்துவமே போச்சே!' என்று பதற வேண்டாம். கி.பி. 325-ல் நைசியாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய திருச்சபைத் தலைவர்கள் இந்த வரியின் துணை இல்லாமலேயே வேதத்தின் பிற பகுதிகளைக் கொண்டுதான் அந்தக் கோட்பாட்டை வாதித்து வரையறுத்தார்கள்.

குகைக்குள் காத்திருந்த ஏசாயா

பழைய ஏற்பாட்டின் கதை வேறு மாதிரி. 1947-ல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் தோல்சுருள்கள் கிடைத்தன. அதில் ஒன்று ஏசாயா நூல், 66 அதிகாரங்களும் அடங்கியது. நீளம் 7.34 மீட்டர். கிறிஸ்துவுக்கு முன் 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதுவரை எபிரேயப் பழைய ஏற்பாட்டுக்கு முழுமையான ஆதாரமாக இருந்த லெனின்கிராட் படியின் காலம் கி.பி. 1008. இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

இரண்டையும் ஒப்பிட்டபோது எழுத்திலும் சொல்லிலும் நிறைய சிறு வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால், நூல் அதே நூல்தான். ஆயிரம் ஆண்டுகள் கையாலேயே எழுதி எழுதிக் கடத்தியும் அதன் உருவம் குலையவில்லை. எரேமியா நூலில் இப்படி இல்லை. அதன் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட எட்டில் ஒரு பங்கு சிறியது. அந்தச் சிறிய வடிவத்தை ஒத்த எபிரேயத் துண்டும் கும்ரானில் கிடைத்தது. அந்த நூல் இரு வடிவங்களில் புழங்கியிருக்கிறது என்பது புரிந்தது.

எபிரேயப் படிகளைக் காத்தவர்கள் 'மசோரெட்டுகள்' எனப்படும் யூத எழுத்தர்கள். சொற்களையும் எழுத்துகளையும் எண்ணி, நூலின் நடு எழுத்து எது என்றுகூடக் குறித்து வைத்தவர்கள். ஓரிடத்தில் எழுதியிருப்பது ஒன்றாகவும் வாசிக்க வேண்டியது வேறாகவும் இருந்தால், மூலத்தில் கைவைக்க மாட்டார்கள். எழுதியதை அப்படியே விட்டு, வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறிப்பார்கள். 'எனக்குத் தெரியும், நானே மாற்றிவிடுகிறேன்' என்ற எண்ணத்தை அடக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

தரங்கம்பாடி முதல் யாழ்ப்பாணம் வரை

இந்த வரிசையில் தமிழுக்கும் இடம் உண்டு. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் தளபதியோடு மோதல் வந்து நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். 1708-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1715-ல் அது முழுமையாக அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர் 1719-ல் 36 வயதில் இறந்துபோனார்.

அதோடு முடிந்துவிடவில்லை. மீதியைச் சூல்ட்சே முடித்தார். ஃபப்ரிசியஸ் சென்னையில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் உழைத்து அதைச் செம்மைப்படுத்தினார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் திருத்தினார். பிறகு பவர் குழு. 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. தாத்தா 'பழசு' என்று பாசமாக அணைத்துக்கொள்ளும் வேதாகமமும் ஒரு காலத்தில் புதிய மொழிபெயர்ப்புதான்!

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் ஒரு கிறிஸ்தவரே அல்லர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். தன் ஆசிரியரான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் வெளியானது. அதே நாவலர் 1848-லேயே வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். 1854-ல் மிஷனரிகளின் விமர்சனங்களுக்குப் பதிலாக 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். மதத்தில் எதிர் அணி. ஆனாலும், அடுத்தவரின் வேதத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோது தன் தமிழை முழுமையாகக் கொடுத்தார்.

படிகள் சொல்லாத பதில்

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எழுதியது நம் கைக்குச் சரியாக வந்து சேர்ந்ததா?' என்பது ஒரு கேள்வி. 'எழுதியது உண்மையா?' என்பது இன்னொரு கேள்வி. கையெழுத்துப் படிகள் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஒரு நூல் துல்லியமாகப் பிரதி எடுக்கப்பட்டதாலேயே அதில் உள்ளது உண்மையாகிவிடாது. இரண்டாவது கேள்விக்கு வரலாறும் கொஞ்சம் உதவும். மீதி, விசுவாசத்தின் எல்லை.

அந்த எல்லையில் கிறிஸ்தவ மரபு காட்டும் அடையாளம் குணம். கலாத்தியர் 5-ம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று பவுல் ஒன்பது பண்புகளைச் சொல்கிறார். 'கனிகள்' என்று பன்மையில் சொல்லவில்லை, ஒரே கனி. கடையில் பழம் பொறுக்குவது போல 'எனக்கு அன்பு போதும், சாந்தம் வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஒன்பதில் ஒரு கிரேக்கச் சொல், 'பிஸ்டிஸ்'. பழைய தமிழ் வேதாகமம் 'விசுவாசம்' என்கிறது. திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. வேறு பல மொழிபெயர்ப்புகள் 'உண்மையாயிருத்தல்' என்ற பொருளில் எடுத்துக்கொள்கின்றன. கிரேக்கத்தில் அந்த ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. பிறரை நம்புவதும் அதுதான், பிறர் நம்பத்தக்கவராக நாம் இருப்பதும் அதுதான்.

இப்போது அந்த ஃபார்வர்டு மெசேஜுக்கு வாருங்கள். வேதம் நம்பத்தகுந்தது என்று காட்டத்தான் அதை அனுப்புகிறோம். ஆனால், சரிபார்க்காமல் 'சதி' என்று எழுதி, முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள் மீது பழி போடுகிறோம். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. வேதத்தைக் காப்பாற்றக் கிளம்பி வேதத்தின் கட்டளையையே மீறுவது என்ன நியாயம்?

சரிபார்ப்பது அவிசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போஸ்தலர் 17-ல் வரும் பெரோயா ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். வந்து பிரசங்கித்தது சாட்சாத் பவுல். அப்படியும் அவர் சொன்னது சரிதானா என்று தினமும் வேதத்தை எடுத்துப் பார்த்தார்கள். நூல் அவர்களைத் திட்டவில்லை, பாராட்டுகிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால் ஒரு வாட்ஸ்அப் மெசேஜைச் சரிபார்க்கக் கூடாதா?

ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன்...

* அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள். ஆப்பில் அடிக்குறிப்பு வசதி அணைந்திருந்தால் செட்டிங்ஸில் போய் இயக்குங்கள். 'காணாமல் போன' வசனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

* இணை வசனத்தைத் தேடுங்கள். மத்தேயுவில் இல்லாதது மாற்கிலோ லூக்காவிலோ இருக்கலாம்.

* இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழையதும் புதியதும் வேறுபடும் இடத்தில் முன்னுரையில் காரணம் சொல்லியிருப்பார்கள்.

* 'உடனே 10 பேருக்கு அனுப்பு' என்று மிரட்டும் மெசேஜ் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் பொறுங்கள். பொறுமையும் தன்னடக்கமும் அந்த ஒன்பதில் உண்டு.

* ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், அதே குழுவில் 'நான் அனுப்பியது சரியில்லை' என்று எழுதுங்கள். மரியாதை குறையாது.

* வீட்டில் பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்டால் 'அப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று வாயை அடைக்காதீர்கள். 'வா, சேர்ந்து பார்க்கலாம்' என்று உட்காருங்கள். பதில் தெரியாவிட்டால் போதகரிடமோ, இறையியல் படித்தவரிடமோ சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

தாத்தாவும் பேத்தியும் இரண்டு வேதாகமங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மத்தேயு 17-ஐ ஒரு முறை படித்தால் போதும். தாத்தாவின் வசனமும் தொலையவில்லை, பேத்தியின் ஆப்பும் பொய் சொல்லவில்லை என்பது புரிந்துவிடும். கூடவே, அடுத்த 10 பேருக்குப் போக இருந்த ஒரு வதந்தி அந்த வீட்டோடு நின்றுபோகும்.